வீடே பள்ளி, வீதியே பாடநூல்



நான் ஆசிரியை அல்ல. சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திக் கொண்டவள். பள்ளிவாசல்துறையிலிருந்து வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றிச் செல்லும் லொறிச் சாரதி ஒருவரின் மனைவி, மூன்று பிள்ளைகளின் தாய். இரண்டரை வருட காலம் எங்கள் வீடே பிள்ளைகளின் பள்ளிக்கூடமாக இருந்தது. அந்த நாட்களில் நான் செய்த பிழைகளையும் கண்டு கொண்ட உண்மைகளையும் உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

எங்கள் கற்பிட்டிக் குடாநாடு நீண்டதொரு மணல் திட்டு. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. கடலை நம்பிப் பாதிப்பேர், தோட்டத்தை நம்பிப் பாதிப்பேர் வாழ்கிறோம். பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் எல்லோருக்கும் பொதுவானது.

பூட்டிய கதவு

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. மறுநாள் முதல் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்படும் என்று அன்று அறிவித்தார்கள். மூத்தவன் அப்போது ஐந்தாம் தரம். அந்த வருடம் புலமைப் பரிசில் பரீட்சை எழுத வேண்டியவன். மகள் மூன்றாம் தரம். கடைக்குட்டிக்கு நான்கு வயது. புத்தகப் பைகளை ஓரமாக வைத்துவிட்டு மூவரும் மகிழ்ச்சியாகக் கடற்கரைக்கு ஓடினார்கள். ஏப்ரல் விடுமுறையோடு எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு வாரத்தில் ஊரடங்கு வந்தது. அந்த ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. அதில் மூவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தார்கள்!

‘குரு கெதர’ என்ற பெயரில் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. தமிழ்ப் பாடங்களை நேத்ரா அலைவரிசையில் பார்த்தோம். சில ஆசிரியர்கள் கைத்தொலைபேசிக்குப் பயிற்சித் தாள்களை அனுப்பினார்கள். ஆனால் வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு தொலைபேசி. அதுவும் லொறியோடு போய்விடும். வேறு வழியின்றி நானே பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தேன்.

மகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை

முதல் வாரத்திலேயே ஒரு விடயம் என்னைத் திடுக்கிட வைத்தது. மகள் தமிழ்ப் பாடப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டு, “மகள், இது என்ன?” என்று கேட்டேன். அவள் விழித்தாள். பிறகு முதல் வரியிலிருந்து மெதுவாகச் சொல்லிக் கொண்டே வந்து அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தாள். அவள் வாசிக்கவில்லை. மனனம் செய்து ஒப்புவித்துக் கொண்டிருந்தாள்.

வேறொரு புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். அகர வரிசை எழுத்துகள் தெரிந்தன. ஆனால் கொம்பும் அரவும் விசிறியும் சேர்ந்தவுடன் திணறிப் போனாள். மூன்று வருடம் பள்ளி சென்ற பிள்ளை! கோபத்தில் அவள் கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவள் அழவில்லை. “எனக்கு ஏலாது உம்மா” என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

யாரைக் குறை சொல்வது? நெருக்கமான வகுப்பில், பின்வரிசையில் சத்தம் போடாமல் இருக்கும் பிள்ளை எவர் கண்ணிலும் படுவதில்லை. அது உண்மைதான். ஆனால் மூன்று வருடங்களாக நான் எங்கே இருந்தேன்? சீருடையைக் கழுவினேன், சோறு கட்டிக் கொடுத்தேன், தவணை அறிக்கையில் ஒப்பமிட்டேன். பிள்ளையின் அருகே உட்கார்ந்து, “இது என்ன சொல்?” என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

உம்மாவின் மணல்

அன்றிரவு என் உம்மாவிடம் சொல்லி அழுதேன். உம்மா எங்களோடுதான் இருக்கிறார். “அடிச்சு எழுத்து வருமா? உனக்கு நான் எப்படிப் படிச்சுத் தந்தேன் என்று மறந்து போச்சா?” என்று கேட்டார்.

மறக்கவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு எட்டு வயது. எருக்கலம்பிட்டியிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினோம். இந்த ஊர் மக்கள் சோறும் துணியும் கொண்டு வந்து தந்தார்கள். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தங்கினோம், பிறகு ஓலைக் குடிசைக்கு மாறினோம். என் புத்தகங்கள் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள் இருந்தன. மாலை நேர வகுப்பொன்றில் இடம் கிடைக்கும்வரை உம்மாதான் என் ஆசிரியை. கரும்பலகை இல்லை, கொப்பி இல்லை. முகாமில் தாராளமாகக் கிடைத்தது மணல் ஒன்றுதான். அதைச் சமப்படுத்தி, விரலால் எழுத வைத்தார். பிழைத்தால் கையால் தடவிவிடலாம். அடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

மறுநாள் காலை உம்மா முற்றத்து மணலைச் சமப்படுத்தித் தண்ணீர் தெளித்தார். பேத்தியின் விரலைப் பிடித்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல்லை எழுத வைத்தார். அந்தச் சொல் அன்று கையில் எடுக்கக் கூடிய பொருளாக இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். மீன், முட்டை, கிணறு, சிரட்டை என்று எழுதி, அந்தப் பொருளைத் தொட்டுவிட்டு மீண்டும் எழுதுவாள். எங்கள் வீட்டுக் கல்வி அப்படித்தான் தொடங்கியது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

சுபஹ் தொழுகைக்குப் பின் தேநீர். வெயில் ஏறும் முன் ஒரு மணித்தியாலம் மொழி. பிறகு சமையல் வேலையோடு கணக்கு. ஐந்து பேருக்கு மூன்று சுண்டு அரிசி என்றால் விருந்தாளிகள் இருவர் வந்தால் எத்தனை சுண்டு? தேங்காயை உடைத்தால் அரை, பாதியை இன்னும் பாதியாக்கினால் கால். பின்னக் கணக்கில் தடுமாறிய மூத்தவன் தேங்காய்ப் பாதிகளைப் பார்த்துத்தான் தெளிந்தான். சின்னவன் சிப்பிகளை நிறம் பிரித்து எண்ணுவான்.

எல்லா நாளும் இப்படி இனிதாகப் போகவில்லை, சகோதரிகளே. சோறு அடிப்பிடித்த நாட்களும், மூவரும் ஒரே நேரத்தில் அழுத நாட்களும் உண்டு. “இன்றைக்குப் படிப்பு வேண்டாம், போங்கள்” என்று நானே விரட்டிய நாட்களும் உண்டு. ஒரு மணித்தியாலம் நன்றாக நடந்தால் அந்த நாள் வெற்றி என்று எடுத்துக் கொள்ளப் பழகினேன்.

ஒரு நாள் மூத்தவன் கேட்டான்: “உம்மா, ரெண்டு பக்கமும் உப்புத் தண்ணி. நம்மட கிணத்தில மட்டும் எப்படி நல்ல தண்ணி?”

எனக்கு விடை தெரியவில்லை. தோட்டக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்து கொண்டேன். மழை நீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து கொண்டு நிற்கிறது. நல்ல நீர் இலேசானது, உப்பு நீர் கனமானது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது சுலபம். ஒரு போத்தலில் கரைந்த அளவு உப்பிட்ட நீரை ஊற்றி முட்டையைப் போட்டால் மிதக்கும். மேலே நல்ல நீரைக் கரண்டியில் விட்டு மெதுவாக ஊற்றுங்கள். முட்டை நடுவிலேயே தொங்கிக் கொண்டு நிற்கும்! அதுவே இரு நீரும் சந்திக்கும் எல்லை. மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் அந்த எல்லை மேலே ஏறி, கிணறு உவர்த்துவிடும் என்பது சொல்லாமலேயே அவர்களுக்கு விளங்கியது.

அந்தத் தேடலில் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. மணல் நிலத்தில் அளவுக்கதிகமாகப் போடும் உரம் நீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. கற்பிட்டிப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. கொதிக்க வைத்தாலும் அது போகாது. தோட்டத்தை அண்டிய கிணற்று நீரில் பால்மா கரைக்கும் தாய்மார் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

‘உப்பு’ என்று வாசித்த நாள்

ஜூன் இறுதியில் ஊரடங்கு முற்றாக நீங்கியது. மேல் வகுப்புகளை முதலில் அழைத்தார்கள். ஐந்தாம் தரமென்பதால் மூத்தவனுக்கு ஜூலையில் சில நாட்கள் பள்ளி. சிறிய வகுப்புகள் தொடங்க ஆகஸ்ட் ஆனது. அந்த இடைவெளியில்தான் எங்கள் பயணங்கள் ஆரம்பமாயின. பயணம் என்றால் வெளிநாடு போனோம் என்று நினைத்துவிடாதீர்கள். வாப்பாவின் லொறியில் முன் இருக்கை. அவ்வளவுதான்.

முதல் பயணம் புத்தளம் வரை. பாலாவியைத் தாண்டும்போது வீதியோரம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம் என்பதால் இந்தப் பகுதிக்கு வாய்த்த தொழில் இது. வேலை செய்து கொண்டிருந்த தாய் ஒருவர் பிள்ளைகளுக்கு விளக்கினார். களப்பு நீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, வற்ற வற்ற அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுவார்களாம். முதலில் சுண்ணாம்பு போன்றவை அடியில் படியும். அதன் பிறகே உப்பு பூக்கும். மிஞ்சும் கசப்பு நீரைத் திறந்துவிட வேண்டும். அதையும் வற்றவிட்டால் உப்பு கசந்துவிடும்.

வீட்டுக்கு வந்து ஒரு லீற்றர் கடல் நீரைச் சட்டியில் காய்ச்சினோம். ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். கிட்டத்தட்ட இரண்டு மேசைக்கரண்டி. “இவ்வளவுதானா!” என்றான் மூத்தவன். அந்தத் தாயின் வெடித்த பாதங்கள் அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதன் பிறகு எங்கள் வீட்டில் உப்பைச் சிந்துவதில்லை.

மறுநாள் மகள் அடுப்படியில் நின்றிருந்தாள். தட்டில் இருந்த உப்புப் பொதியைப் பார்த்து, உதடுகளை அசைத்து, “உ...ப்...பு. உப்பு! உம்மா, இதில உப்பு என்று போட்டிருக்கு” என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் பக்கத்தையும் அவள் மனனம் செய்திருக்கவில்லை. உம்மா ஓடி வந்து அவளைக் கட்டிக் கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக் கொண்டு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

ஆறு எங்கிருந்து வருகிறது?

இரண்டாவது பயணம் தம்புள்ள. எங்கள் ஊர் மரக்கறியில் பெரும்பங்கு 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளப் பொருளாதார மத்திய நிலையத்துக்குத்தான் போகிறது. இரவில் புறப்பட்டு விடியுமுன் சந்தையில் இருந்தோம். மலைநாட்டுக் கரட்டும் எங்கள் மணல் நிலத்து வெங்காயமும் ஒரே கூரையின் கீழ் விலை பேசப்படுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். வாப்பா ஊரில் வாங்கிய விலை, டீசல் செலவு, விற்ற விலை எல்லாவற்றையும் மூத்தவன் ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டிக் கழித்தான். கடைசியில் மிஞ்சியதைப் பார்த்துவிட்டு, “வாப்பா, ராத்திரி முழுக்க முழிச்சது இதுக்கா?” என்று கேட்டான். இவர் சிரித்துக் கொண்டே லொறியைத் திருப்பினார்.

வெற்று லொறியில் திரும்பும்போது கெக்கிராவையிலிருந்து மேற்கே திரும்பிக் கலாவெவவுக்குப் போனோம். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்த குளம். கடல் போல விரிந்து கிடந்த நீரைப் பார்த்து, “இதுவும் களப்பா?” என்று கேட்டாள் மகள். இங்கிருந்து ஜய கங்கை என்ற கால்வாய் ஏறக்குறைய 87 கிலோமீற்றர் ஓடி அநுராதபுரத்துக்கு நீர் கொண்டு செல்கிறது. அதன் முதற்பகுதியில் மைலுக்கு ஏறக்குறைய ஆறு அங்குலம் மட்டுமே சரிவு என்கிறார்கள். “எந்தக் கருவியும் இல்லாமல் எப்படி அளந்தார்கள்?” என்று மூத்தவன் விடாமல் கேட்டான். நாங்கள் தாமாகவே விடை தேட முயன்றோம். வீடு வந்ததும் மேசன்மார் செய்வது போல ஒரு குழாயில் நீரை நிரப்பி முற்றத்தின் சரிவை அளந்தோம். முற்காலத்தவர் எந்த முறையைக் கையாண்டார்களோ, நீர்தான் நீருக்கு அளவுகோல் என்பதாவது எங்களுக்குத் தெரிந்தது.

அநுராதபுரம் கடந்து நொச்சியாகம வரும்போது பெயர்ப் பலகையை மகள் எழுத்துக் கூட்டினாள். கொம்பும் அரவும் அவளுக்குப் பழைய எதிரிகள். “நெ... நெச்சா...” என்று தொடங்கினாள். இவர் லொறியை ஓரமாக நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் ஹோன் அடித்தார்கள். “நொச்சியாகம!” என்று அவள் சொல்லி முடித்த பிறகே வண்டி நகர்ந்தது. பாடசாலைக்கு இல்லாத வசதி ஒன்று தாய் தகப்பனுக்கு உண்டு. அது ஒரு பிள்ளைக்காக வண்டியை நிறுத்தும் வசதி.

அதற்கப்பால் ஒரு பாலம். கீழே கலா ஓயா. மாத்தளைப் பக்கத்து மலைகளில் பிறந்து, கலாவெவவில் தங்கி, ஏறக்குறைய 150 கிலோமீற்றர் ஓடி வரும் ஆறு. “இது எங்க போகுது வாப்பா?” என்று கேட்டாள். “நம்மட களப்புக்கு” என்றார் இவர். சிறிது நேரம் மூவரும் பேசவில்லை. களப்பில் நாம் பிடிக்கும் இறாலும் மீனும் இந்த நல்ல நீரை எதிர்பார்த்துத்தான் இருக்கின்றன என்பதை வரைபடத்தில் நான் எத்தனை முறை காட்டியிருந்தாலும் அவர்களுக்கு இப்படி விளங்கியிருக்காது.

கோட்டையும் ஒரு பயணியும்

மூன்றாவது பயணத்துக்கு லொறி தேவைப்படவில்லை. பஸ்ஸில் கற்பிட்டிக் கோட்டைக்குப் போனோம். ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை. 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. இப்போது கடற்படையினர் வசம் இருக்கிறது, அனுமதி பெற்று உள்ளே பார்க்கலாம். சுவரைத் தடவிப் பார்த்த சின்னவன், “இதில பூ இருக்கு” என்றான். பூ அல்ல. அது பவளக்கல்லின் கண்கள். கடலுக்கடியில் உயிராக இருந்ததைக் கொண்டு கோட்டை கட்டியிருக்கிறார்கள்! பவளப் பாறைகளைக் காக்கவென்று எங்கள் கடலில் 1992இல் சரணாலயம் பிரகடனப்படுத்தப்பட்டதை அன்று அவர்களுக்குச் சொன்னேன்.

திரும்பும் வழியில் இப்னு பதூதாவின் கதையைச் சொன்னேன். மொரோக்கோவின் தஞ்சியர் நகரிலிருந்து 1325இல், 21 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர். 1344இல் மாலைதீவிலிருந்து வந்து அவர் கரையிறங்கிய ‘பத்தாலா’ நம் புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததாக எழுதி வைத்திருக்கிறார். இங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி மன்னர், பாவா ஆதம் மலையைப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய ஆசையை நிறைவேற்றப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினார். மூத்தவன் அன்று முதல் தன் கொப்பிக்குப் ‘பயணக் குறிப்பு’ என்று பெயரிட்டான். கண்டதை எழுதுபவன்தான் பயணி, மற்றவன் வழிப்போக்கன் என்பது அவனுடைய கண்டுபிடிப்பு.

ஊர் சொன்னது

2020 ஒக்டோபர் 11ஆம் திகதி புலமைப் பரிசில் பரீட்சை நடந்தது. மூத்தவன் எழுதினான். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்டான்.

“பிள்ளையை லொறியில ஏத்திக் கொண்டு திரிஞ்சா எப்படி மார்க்ஸ் வரும்?” என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். பல இரவுகள் நானும் அதையே என்னிடம் கேட்டேன். பயிற்சித் தாள்களை இன்னும் அதிகம் செய்வித்திருக்கலாம் என்பது உண்மை. கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைக்கு, ஒரு நிமிடத்தில் ஒரு விடையைத் தெரிவு செய்யவும் பழக்கியிருக்க வேண்டும். அதில் நான் தவறினேன், மறைக்கவில்லை. அவனோ ஒரு நாள் அழுதான், மறுநாள் கொப்பியோடு கடற்கரைக்குப் போய்விட்டான்.

அதே ஒக்டோபரில் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. 2021லும் பெரும்பகுதி அப்படியே போனது. அப்போது இவர் ஒரு நாள் கேட்டார்: “இனிமேல் வீட்டிலேயே படிப்பித்தால் என்ன?”

உலகில் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1993க்குள் எல்லா மாநிலங்களும் வீட்டுக் கல்வியை அனுமதித்துவிட்டன. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே பாடசாலையில் அல்லது வேறு வழியில் படிப்பிக்க இடமளித்தது. ஜெர்மனியிலோ பிள்ளை பாடசாலைக்குப் போயே ஆக வேண்டும். டில்லியைச் சேர்ந்த சாஹல் கௌஷிக் என்ற சிறுவன் தாயிடம் வீட்டில் படித்து, 2010இல் 14 வயதிலேயே ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் 33ஆம் இடம் பெற்றான். ஆனால் அவனுடைய தாய் ஒரு மருத்துவர், தொழிலை விட்டு மகனோடு உட்கார்ந்தவர். நம்மில் எத்தனை பேருக்கு அது இயலும்? எனக்கு எட்டாம் தர விஞ்ஞானமே முட்டுகிறது.

இன்னொன்றையும் யோசித்தேன். நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி, 1980 முதல் இலவசப் பாடநூல். 1998 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி, 2016இல் அது 16 வயதாக உயர்ந்தது. முகாமில் மணலில் எழுதிய எனக்கு, ஓலைக் கொட்டிலில் நடந்த அந்த மாலை வகுப்பு எவ்வளவு பெரிய செல்வமாகத் தெரிந்தது! தோழிகள், போட்டி, பொது மேடை, பிறருடைய பிள்ளைகளோடு பகிர்ந்து உண்ணும் பழக்கம் எல்லாம் அங்கேதான் எனக்குக் கிடைத்தன. அதை என் பிள்ளைகளிடமிருந்து நானே பறிக்க விரும்பவில்லை. பள்ளி திறந்ததும் அனுப்புவது, ஆனால் வீட்டுப் பள்ளியை மூடாமல் வைத்திருப்பது என்று இருவரும் முடிவெடுத்தோம்.

திறந்த அன்று மகள் வாசலில் நின்று நடுங்கினாள். “எல்லாரும் சிரிப்பாங்க உம்மா.” அவள் கையில் உப்புப் பொதியின் வெற்று உறையை மடித்துக் கொடுத்தேன். “பயமாக இருந்தா இதை எடுத்து வாசி” என்றேன். இன்று அவளுக்கு அது தேவையில்லை. ஆனாலும் அவளுடைய கணிதப் பெட்டிக்குள் அது இருப்பதை அண்மையில் பார்த்தேன்.

இருட்டிலும் ஒரு பாடம்

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜூன், ஜூலையில் எரிபொருள் இல்லாமல் மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டன. டீசல் வரிசையில் இவர் நாட்கணக்கில் லொறியோடு காத்துக் கிடந்தார். ஒரு நாளிரவு குப்பி விளக்கின் முன் மகள் கேட்டாள்: “கரண்ட் செய்யிறது நுரைச்சோலையில. நம்மட வீட்டுக்குப் பக்கத்தில. பிறகு ஏன் நமக்கு வெளிச்சமில்லை?”

நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் மொத்தம் 900 மெகாவாற்று உற்பத்தி செய்யலாம். 2011இல் முதற்பகுதியும் 2014க்குள் மூன்று பகுதிகளும் இயங்கத் தொடங்கின. ஆனால் அங்கே செய்யும் மின்சாரம் நாடெங்கும் பகிரப்படுவது. நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் வர வேண்டும், அதற்கு டொலர் வேண்டும். கடைக்கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு நாட்டின் கணக்கும் விளங்கியது. லொறி ஓடாத அந்த நாட்களில் நடந்தே களப்போரம் போனோம். சேற்றுக்கு மேலே விரல் போல நீட்டி நிற்கும் கண்டல் மரங்களின் மூச்சு வேர்களை எண்ணினோம். மீன் குஞ்சுகள் அவற்றுக்குள் ஒளிவதைச் சின்னவன் படமாக வரைந்தான்.

தமிழ்நாட்டில் இதே இழப்பை ஈடு செய்ய 2021 ஒக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மாலையில் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகு எங்கள் முற்றத்துக்கும் அயல் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். உம்மாவின் மணல் இப்போது ஐந்தாறு பிள்ளைகளுக்குச் சொந்தம்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

உங்களால் இயலக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. இன்றே பிள்ளையின் அருகே உட்காருங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பந்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மருந்துப் பொதியோ பஸ் பலகையோ போதும். உண்மை நிலை தெரிந்துவிடும்.

2. தெரியவில்லை என்றால் அடிக்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எழுத்தைத் தொடர்ந்து குழப்பும் பிள்ளைக்குக் கண்ணையும் காதையும் பரிசோதிப்பது அவசியம்.

3. பயணத்துக்குப் பெரும் பணம் தேவையில்லை. உங்கள் ஊரின் நீர் எங்கிருந்து வருகிறது, உங்கள் ஊர்ப் பொருள் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிப் போங்கள். போகுமுன் பிள்ளை ஒரு கேள்வி எழுதட்டும், வந்த பின் விடை எழுதட்டும்.

4. உங்களுக்கு விடை தெரியாவிட்டால் “தெரியாது, கேட்டுப் பார்ப்போம்” என்று சொல்லத் தயங்காதீர்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

5. பரீட்சைப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். அது என் அனுபவம் சொல்லும் எச்சரிக்கை.

மூத்தவன் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறான். புவியியல்தான் அவனுக்குப் பிடித்த பாடம். மகள் கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் கூப்பிட்டாலும் கேட்பதில்லை. சின்னவன் புலமைப் பரிசில் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டான். இம்முறை பயிற்சித் தாள்களும் உண்டு, லொறிப் பயணமும் உண்டு.

உம்மாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் பேத்தி அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டிக் கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சொல்லில் உம்மா கையை வைத்து, “இது என்ன மகள்?” என்று சும்மா கேட்டார். அவள் சிரித்துக் கொண்டே சொன்னாள். முதல் வரிக்குத் திரும்பிப் போகவில்லை.